மேக்னெட்டோ இல்லாத வண்டி

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு திருத்தம். நான் ஓடிப்போகவில்லை.

"இந்த வயசுல யாரோ ஒருத்தரோட பைக்குல ஓடிட்டா" என்று என் நாத்தனார் உறவு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். மகள் போனில் சொன்னாள். பட்டப்பகலில், முப்பது கிலோமீட்டர் வேகத்தில், குடையும் பிளாஸ்க்குமாக மகள் வீட்டை நோக்கிப் போவதற்குப் பெயர் ஓடிப்போவது என்றால், தபால்காரர்கள் எல்லோரும் தினமும் ஓடிப்போகிறார்கள்.

'யாரோ ஒருத்தர்' என்பதும் பிழை. அவர் மறைந்த என் கணவரின் சிநேகிதர், ஓய்வுபெற்ற சர்வேயர், மனைவியை இழந்தவர். இத்தனை வருடங்களில் என்னை 'அண்ணி' என்பதைத் தவிர வேறு விதமாக அழைத்ததில்லை. 'பைக்குல' என்பதும் பிழை. நான் உட்கார்ந்து வருவது சைட்காரில். தனி இருக்கை. தனிச் சக்கரம்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். வீட்டை விற்றாயிற்று. இனி மகள் வீட்டில் எனக்கு ஓர் அறை. என் கணவரின் பழைய மோட்டார் சைக்கிளும் அங்கேதான் போகிறது. மருமகன் அதைத் தன் ரெஸ்டாரன்ட் வாசலில் நிறுத்தி, சைட்காரில் மண் நிரப்பிப் பூச்செடி வைக்கப்போகிறார். பார்க்க அழகாக இருக்குமாம். லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னார். "வேணாம் அண்ணி, நானே ஓட்டிட்டுப் போய் விட்டுடறேன்" என்றார் சர்வேயர். "அப்ப சைட்கார் காலியாத்தானே போகும்?" என்று நான் கேட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

மதியம் இந்த ஊருக்கு வந்தோம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டிய ஊர். கோட்டை, சர்ச், கோடு போட்டதுபோல் தெருக்கள், பச்சை மரச்சட்டம் வைத்த ஜன்னல்கள். ஒருகாலத்துச் சுங்க அலுவலகம் இப்போது விடுதி. மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டே, "சாரும் மேடமும் ஒரே ரூம்தானே?" என்றார்.

"ரெண்டு ரூம். நடுவுல சுவர் இருக்கணும்" என்றேன்.

சர்வேயர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல தேக்கு உத்திரங்கள்தான். அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை.

மார்ச் 5, புதன்

கோட்டைக்குப் போனோம். கடலிலிருந்து வந்த எதிரிகளை இந்தப் பீரங்கிகள்தான் விரட்டியடித்தன என்று கைடு முழங்கினார். பீரங்கிகள் எல்லாம் ஊரைப் பார்த்து நிற்கின்றன.

"எதிரிங்க பேக்கரி பக்கமாவா வந்தாங்க?" என்று கேட்டேன்.

"மேடம், எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தான் சொல்றோம்."

"அப்ப மூணு தலைமுறையாத் தப்பாச் சொல்றீங்க."

சர்வேயர் இருமுவதுபோல் சிரித்தார். கான்வென்டில் ஸ்கேலால் முட்டியில் அடி வாங்கி வளர்ந்தவள் நான். தப்பைக் கண்டால் வாய் தானாகத் திறக்கிறது. என்ன செய்வது?

கோட்டைச் சுவர் மேலிருந்து சர்வேயர் சாலையைக் காட்டினார். ஊர் எல்லையில் அது இரண்டாகப் பிரிகிறது. "இடது பக்கம் போனா உங்க மக வீடு, ஒரே நாள்தான். வலது பக்கம் கடலோரமாவே போயிட்டிருக்கு."

"எதுவரைக்கும்?"

"தெரியாது அண்ணி. நான் அளந்ததில்ல."

மார்ச் 6, வியாழன்

பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் இறங்கினேன். சர்வேயர் கையெல்லாம் கரியாக வண்டியருகில் நின்றிருந்தார்.

"கிளம்பாது அண்ணி. மேக்னெட்டோ போச்சு. புதுசு வெளியூர்லேர்ந்து வரணும். ரெண்டு மூணு நாள் ஆகும்."

இந்த வண்டியில் மேக்னெட்டோ கிடையாது.

ஒருகாலத்தில் இருந்தது. பொறி கொடுக்கும் சாமான் அது. மழை பெய்தால் படுத்துவிடும். என் கணவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு பேட்டரியும் இக்னிஷன் காயிலும் வைத்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவருக்கு அது பெரிய வேலையில்லை. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். சர்வேயருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு சாமானைச் சொல்லியிருப்பார்.

வாயைத் திறந்தேன். காலை உணவின்போதுதான் மெனு அட்டையில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

"சரி, வரட்டும்" என்றேன்.

என் வாயா அது?

மார்ச் 7, வெள்ளி

மேக்னெட்டோ வரவில்லை. எப்படி வரும்?

மார்ச் 8, சனி

வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டம். பாதிப் பேர் முப்பது வயதைத் தாண்டவில்லை. கம்பெனிக்காகக் கடல் கடந்து வந்து, இங்கே காய்ச்சலில் போயிருக்கிறார்கள். சர்வேயர் பழக்கதோஷத்தில் தோட்டத்தைக் காலடியால் அளந்தார்.

ஒன்று கவனித்தேன். இன்று முழுவதும் அவர் என்னை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. "அந்தப் பக்கம் வெயில்." "தண்ணி இருக்கு, வேணுமா?" "பார்த்து, கல்லு தடுக்கும்." எல்லாம் மொட்டையாக நிற்கிற வாக்கியங்கள். கான்வென்டில் இப்படி எழுதினால் திருப்பி எழுதச் சொல்லியிருப்பார்கள்.

நான் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

சாயங்காலம் மகள் பேசினாள். "உங்க ரூம் ரெடிம்மா. பக்கத்துலயே வாஷிங் மெஷின். சத்தம் ஒண்ணும் பெரிசா கேக்காது. உங்க மாப்பிள்ளை மண்ணுகூட வாங்கி வச்சுட்டார்."

மண் வண்டிக்கு. அறை எனக்கு. இரண்டு பேருக்கும் இடம் ஒதுக்கியாகிவிட்டது. அன்பாகத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுதான் வம்பே.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் சர்வேயர் மியூசியத்துக்குப் போயிருந்தார். நான் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் யாரும் கேட்காத உதவியாக ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்துவிட்டார். அந்த ஆள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்மா, இதுல மேக்னெட்டோவே இல்லையே! பிளக் ஒயரை யாரோ கழட்டி வச்சிருக்காங்க. மாட்டினா போதும், பறக்கும்."

"மாட்டாதீங்க."

"ஒரு நிமிஷ வேலைம்மா."

"ஒரு நிமிஷமும் வேணாம். அந்த ஒயர் கழண்டே இருக்கட்டும். சார்கிட்ட எதுவும் சொல்லக் கூடாது."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் பீரங்கியைப் போல ஊரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

மத்தியானம் மகளின் போன். நாளைக்கு மாப்பிள்ளை லாரியோட வர்றாராம். வண்டியை ஏத்திட்டு, என்னையும் முன் சீட்டுல உட்கார வச்சுட்டுப் போயிடுவாராம். யாரைக் கேட்டு? நான் என்ன பீரோவா? சாமான் செட்டோட சேர்த்து ஏத்தறதுக்கு?

சர்வேயரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"நாளைக்கேவா?"

"நாளைக்கே."

"மேக்னெட்டோ... இன்னிக்கு வந்தாலும் வரலாம்."

"வந்தா?"

ரொட்டித் துணுக்குகளை விரலால் வரிசையாக அடுக்கினார். தேசத்தில் பாதியை அளந்த மனிதர். மேசைக்கு இந்தப் பக்கம் வர அளவு தெரியவில்லை.

எனக்கு மட்டும் தெரிகிறதா? இத்தனை வருடம் அடுத்தவர் வாக்கியத்தைத் திருத்தினேனே தவிர, சொந்தமாக ஒன்றை ஆரம்பித்திருக்கிறேனா? அவர் கேட்டால் பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்க மாட்டார். என்னைப் பார்த்தால் கைடே நடுங்குகிறார்.

மார்ச் 10, திங்கள்

விடிந்ததும் இறங்கிப்போய் பிளக் ஒயரை நானே மாட்டினேன். விரலில் கொஞ்சம் கரி. பிறகு போன் போட்டு மகளை எழுப்பினேன்.

"லாரி வேண்டாம். பூச்செடிக்கு வேற தொட்டி பார்க்கச் சொல்லு."

"என்னம்மா இது? அப்ப நீங்க எங்கதான் போறீங்க?"

"அது இன்னும் முடிவாகலை. ஆனதும் சொல்றேன்."

"அத்தை சொன்னது நிஜம்தானா?"

"உங்க அத்தை அவசரப்பட்டுட்டா. இன்னும் நான் கிளம்பவே இல்ல" என்றேன். மகள் சிரித்தாள். அவள் அப்பாவின் சிரிப்பு.

பெட்டியைச் சைட்காரில் வைத்துவிட்டு வந்து ஒரு சீட்டு எழுதினேன். இரண்டு முறை கிழித்துப் போட்டு, மூன்றாவதை அவர் அறைக் கதவுக்கடியில் தள்ளினேன். அதன் நகல்:

"ஐயா,

இந்த வண்டியில் மேக்னெட்டோ கிடையாது. எனக்கு அது முதல் நாளே தெரியும். பிளக் ஒயரை மாட்டிவிட்டேன். லாரி வராது. இடது பக்கச் சாலையில் எனக்கு அவசரம் எதுவும் இல்லை. வலது பக்கச் சாலையை நீங்கள் இன்னும் அளக்கவில்லை.

சனிக்கிழமையிலிருந்து என்னை 'அண்ணி' என்று அழைப்பதை நிறுத்திவிட்டீர்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த இடம் காலியாகவே இருக்க முடியாது. இனி என்னை என்னவென்று அழைப்பதாக உத்தேசம்?

நான் கீழே சைட்காரில் உட்கார்ந்திருப்பேன். நேரில் கேட்டால் நீங்கள் கூரையைப் பார்ப்பீர்கள். ஆகவே, பதிலை எழுத்தில் தரவும்."