ஆலிவ் எண்ணெயில் விழுந்த எள்

அக்கா, இன்று காலை படப்பை விடுதியில், உன் கட்டிலுக்கு வந்திருக்கும் புதுப்பெண் நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்தாள். பல் துலக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை தண்ணீர் லாரி வரவில்லை. நம் அறைக்கு ஒரே வாளி வெந்நீர். வாராவாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவள் நீ. அன்று உன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தாய். "கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. உக்காருட்டி" என்று நீயே என் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாய். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதென்று நான் சீயக்காயைப் பாதியில் விட்டுவிட்டு ஒரகடம் வேனில் ஏறினேன்.

கப்பலில் வந்த ஆலிவ் எண்ணெயில் துளியூண்டு மிச்சமிருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்து, லேபிளில் போட்டிருக்கும் நாட்டு மரத்தின் எண்ணெய்தானா என்று பார்ப்பதுதானே நம் லேப்பில் நமக்கு வேலை. அன்று நெற்றியில் வழிந்த எண்ணெயைக் கையுறையோடு துடைத்தேன். கையுறையை மாற்றவில்லை. நாம் இருவரும் பிரித்த மாதிரியில் எள்ளின் டி.என்.ஏ.வும் வந்தது. கலப்படம் என்று அறிக்கை போயிற்று. எண்ணெய்க்காரர் வேறு லேப்பில் கொடுத்துப் பார்த்தார், சுத்தமான ஆலிவ்.

சூப்பர்வைசர் நம் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். "தலைக்கு எண்ணெ வச்சிக்கினு யாரு உள்ள வந்தது?"

நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாந்தான் சார். வெள்ளிக்கெழமைல்லா" என்றாய்.

அன்றோடு உன் வேலை போயிற்று. பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்றும்போது, "ஒனக்கு வேல போனா ஒங்கம்மா மருந்துக்கு எங்க போவா? விடுட்டி" என்றாய். பாவி, நானும் விட்டுவிட்டேன். பொங்கல் கழியட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று நேராக சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அக்கா பெயரில் எழுதியதை என் பெயரில் மாற்றுங்கள் சார் என்று கெஞ்சினேன். "அந்தப் பொண்ணே போய்ச் சேந்துட்ச்சு. இப்ப மாத்தி இன்னா ஆவப்போவுது? போய் வேலையப் பாரும்மா" என்றார்.

வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடல் தாண்டி நிற்கும் மரத்தை ஒரு துளியில் கண்டுபிடிக்கிற அறை இது. பக்கத்து மேசையில் நின்ற என்னை யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானே வந்து சொன்னாலும் கேட்க ஆளில்லை. ஒரு மாதிரிக்கு இரண்டு முறை கையுறை மாற்றுகிறேன். உச்சந்தலையில் உன் உள்ளங்கைச் சூடு அப்படியே இருக்கிறது.

உன் முறை வெந்நீரில் குளித்துவிட்டு வந்தவள் நான்தான், அக்கா. நான்தான்.