இடம் மாறி நின்ற செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு, யார் வாயிலும் விழாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்தவள் இருபத்தைந்து நாளாகக் கேட்கவில்லை. அதனால் நேராக உன்னிடமே கேட்கிறேன், நன்றாக இருக்கிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். நீ இத்தனை வருஷமா விடாம கும்பிடுறியேம்மா, அவ்வளவு அன்பான கடவுள் அத்தைக்கு ஏன் இப்படி நடக்க விட்டாரு என்று. அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் எதிரில் அந்தக் கேள்விக்கு வாய் திறந்தால் எதெது வெளியே வருமோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் கடிதம். அப்பா வேலைக்குப் போயிருக்கிறார், கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அத்தையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய். இடது கை முழுக்க, தோள், காதுக்குக் கீழே கழுத்து, முதுகில் ஒரு பக்கம், எல்லாம் வெந்துபோயிருக்கிறது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்திருக்கிறார்கள், பிடித்துக்கொண்டது என்கிறார் டாக்டர். ஆனால் முதுகில் சீழ் வைக்காமல் இருக்க வேண்டும், அதுதான் இப்போது பயம் என்றும் அவரே சொல்கிறார். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறார்கள். முதல் நாள் உன் மாமாதான் உள்ளே போனார், பழைய கட்டை அவிழ்த்ததும் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்துவிட்டார். அந்த நிலைமையிலும் உன் அத்தை, என்னை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அவரைத் தூக்குங்க என்றாளாம். அன்றிலிருந்து நான்தான் போகிறேன். அவள் வலது கையை நான் பிடித்துக்கொள்வேன். என் விரல்களில் அவள் நகம் பதிந்த இடம் அடுத்த கட்டு மாற்றும் வரை ஆறுவதில்லை.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என்னைத்தான் பார்க்கிறார்கள், தலையிலிருந்து கால் வரை. நீங்க நிக்கிற இடமாமே அது, கடவுள்தான் உங்களைக் காப்பாத்தியிருக்காரு என்கிறார்கள். மாடி வீட்டுக் கணக்கு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பிடிச்சவங்களைத்தான் இப்படிச் சோதிப்பாரு, உங்க நாத்தனார் அவ்வளவு பக்தி என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், நல்ல மனுஷி. அப்படியென்றால் என் மகளை அவருக்குப் பிடிக்காமலே போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதற்கும் பயம், அது வேறு மாதிரி பலித்துவிட்டால்? நீ அந்த வாரம் இரண்டு நாள் போன் எடுக்கவில்லையே, உனக்கு வேலையோடு பரீட்சையும் என்று தெரியும், இருந்தாலும் நீ குடியிருக்கிற வீட்டுக்காரம்மாவுக்கே போன் போட்டு, மொழி தெரியாமல் ஏதேதோ உளறினேன். அவர் என்ன நினைத்தாரோ.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன். நாங்கள் வேலை செய்கிற சலவைக்கூடத்துக்கு நீ வந்ததில்லை. ஆஸ்பத்திரி, ஓட்டல் இவற்றின் துணிகள் வரும். ஈரப் படுக்கைவிரிப்பை இஸ்திரி உருளையின் ஒரு பக்கம் ஒருத்தி விரித்துக் கொடுப்பாள், மறுபக்கம் சூடாக வருவதை இன்னொருத்தி பிடித்து மடிப்பாள். கொடுக்கிற பக்கம் உன் அத்தை, மடிக்கிற பக்கம் நான், ஒன்பது வருஷமாக. மடிக்கிற பக்கத்தில் தலைக்கு மேலே சுவரோரமாக நீராவிக் குழாய் போகிறது. அந்தச் சனிக்கிழமை குழாய் வளைகிற முட்டியில் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே நாளைக்கு சார்தான். அன்றைக்கும் நாளைக்குப் பாத்துக்கலாம் போம்மா என்றார், மறுநாள் விடுமுறை என்பதுகூட அவருக்கு ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை சத்தம் பெரிதாக இருந்தது. நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. செவ்வாய்க்கிழமை காலை நான் உன் அத்தையிடம், தோள் வலிக்குது, மடிக்க முடியல, இன்னைக்கு ஒரு நாள் இடம் மாறிக்கலாமா என்று கேட்டேன். அவள், இதுக்குப் போய்க் கேக்கணுமா அண்ணி, வாங்க இந்தப் பக்கம் என்றாள். பதினோரு மணிக்கு முட்டி விட்டுக்கொண்டது, நீராவி முழுக்க அவள் மேல் அடித்தது.

எனக்குத் தோள் வலிக்கவில்லை சிட்டு.

ஆகப் பெரிய பாவி நான் என்று சொல்லி உன்னை அழவைக்க எழுதவில்லை. அவளை மாட்டிவிட வேண்டும் என்றும் நினைக்கவில்லை, அது வெடிக்கும் என்றும் எனக்குத் தெரியாது. அந்தச் சத்தத்துக்கு அடியில் நான் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அங்கே வேறு ஒருத்தி நிற்பாள் என்கிற இடம் வரை என் புத்தி போகவே இல்லை, இல்லை, போகவிடாமல் நான் நிறுத்திக்கொண்டேன். அன்று காலையில்கூட எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரக் கூடாது என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனேன். அந்த வேண்டுதல்தான் அவள் பக்கம் திருப்பிவிட்டதோ என்று ஒரு பயம். கடவுள் காப்பாற்றவில்லை, நானே நழுவிக்கொண்டேன், அது அவருக்குத் தெரியும் என்பது அதைவிடப் பெரிய பயம். குக்கரில் சமைப்பதை விட்டுவிட்டேன், அந்தச் சத்தம் ஆகவில்லை. அப்பாவிடம் காஸ் மிச்சமாகும் என்று சொல்லியிருக்கிறேன், எதிர்மாறாகச் செலவாகும் என்று அவருக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை உன் அத்தையிடம் சொல்லிவிட்டேன். கட்டு மாற்றி முடித்து அவளுக்கு மூச்சு சீராகிற வரை காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், யாரும் சத்தம் கித்தம் என்று எதுவும் பேசக் கூடாது என்று நாளைக்கு சார் சொல்லியனுப்பியிருந்தார், மற்றவர்கள் வாயிலிருந்து அவள் காதுக்குப் போவதற்கு முன் நான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. தோள் வலி பொய், சத்தத்துக்குப் பயந்துதான் மாறினேன் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, தெரியும் அண்ணி என்றாள். உங்களுக்கு நெஜமா வலிச்சா விடாம தேய்ச்சிக்கிட்டே இருப்பீங்க, அன்னைக்குத் தேய்க்கவே இல்ல, மேலயே பாத்துட்டு இருந்தீங்க. அப்புறம் ஏன்டி அங்க போய் நின்னே என்று கேட்டேன். எனக்கும் சத்தம் கேட்டுச்சு, ஆனா காலையில கும்பிட்டுட்டுதானே வந்தேன், எனக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சேன் என்றாள். அதைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். உட்காருவதா போவதா என்று தெரியாமல் நின்றேன். அந்தப் பக்கம் பார்த்தபடியே, சனிக்கிழமை கட்டுக்கு நீங்க வருவீங்கல்ல என்று கேட்டாள். மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

நேற்று இன்ஸ்பெக்டரிடம் போனேன். சனிக்கிழமை சத்தம் கேட்டது, சொன்னேன், நாளைக்கு என்றார்கள், செவ்வாய்க்கிழமை நான் பொய் சொல்லி இடம் மாறினேன், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடைசி விஷயம் தேவையில்லம்மா என்றார் அவர், இருக்கட்டும் சார் என்றேன். கூப்பிட்டு அனுப்பும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு இன்னும் இது தெரியாது. பாதிக்கப்பட்டது அவருடைய சொந்தத் தங்கை, எப்படிச் சொல்வேன். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது, வந்து மீதியை எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். முதுகில் சீழ் இல்லை, ஆனால் காய்ச்சல் இருக்கிறது, ரத்தம் எடுத்திருக்கிறார்கள், திங்கட்கிழமைதான் தெரியுமாம். உன் கேள்வியை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். நாலு நாள் அந்தக் குழாய் கத்தியது, கேட்ட காதுகள் எத்தனை, ஏன் விட்டாய் என்று நான் கடவுளைக் கேட்டால் அதே கேள்வியை அவர் என்னைத் திருப்பிக் கேட்பார், அதனால்தான் இத்தனை நாள் அவர் பக்கமே போகவில்லை, இப்படி உனக்கு எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அத்தைக்குப் பக்கத்துக் கட்டிலில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று கிடக்கிறது, வெந்நீர்ப் பாத்திரத்தை இழுத்துவிட்டதாம். அங்கே யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் நாளைக்கு என்று தள்ளிப்போடவில்லை. அதன் அம்மா ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே இருக்கிறாள், எதுவும் கேட்பதில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை சிட்டு, என் தப்பைச் சொல்லி அதைச் சரிக்கட்ட முடியாது. தெரியாது என்று உன்னிடம் ஒப்புக்கொள்வதற்குத்தான் இவ்வளவு பக்கம்.

கிளம்பும்போது அத்தையிடம், எனக்குக் கும்பிடப் பயமா இருக்கு, சிட்டுவுக்காக நீ ஒரு வார்த்தை கேளேன் என்றேன். நான் இப்ப அவர்கூடப் பேசறதில்ல அண்ணி, நீங்களே கேளுங்க, கேக்கும்போது அந்தப் புள்ளைக்கும் சேத்துக் கேளுங்க என்றாள். வெளி வராந்தாவில் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டேன். யாரோ பெரிய மனிதர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, திறந்துவிடப் போகிறாரே என்று நடுங்குகிற மாதிரி இருந்தது. முன்பெல்லாம் எங்க வீடு, எங்க வீடு என்றுதான் கேட்பேன். இன்று அப்படி வாய் வரவில்லை. நீ நன்றாக இரு கண்ணு. நீ வேலை செய்கிற இடத்தில் உன் பக்கத்தில் நிற்கிறவர்களும் நன்றாக இருக்கட்டும்.

மறக்காமல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அத்தைக்குப் போன் போடு, மாமா வலது காதில் பிடித்துக்கொள்வார், அழாமல் பேசு, உன் வீட்டுக்காரம்மா பூனைக்குப் பாட்டுப் பாடுவதைச் சொல், அவளுக்குப் பிடிக்கும். எனக்கு உடனே பதில் போடு, என்னைத் திட்டுவதாக இருந்தாலும் சரி, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் கடிதம் வரும் வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா