நடுச்சக்கரம் இரண்டு மில்லிமீட்டர் கீழே

ஜூன் 4

நான் பொம்மை செய்யவில்லை. இங்கேயாவது அதைச் சரியாக எழுதி வைக்கிறேன். "தனியா இருக்க முடியாம அம்மா பொம்மை செஞ்சிட்டு இருக்காங்க" என்று மகள் உறவுக்காரர்களிடம் சொல்லி வருகிறாளாம். நாத்தனார் போன் செய்து, துக்கம் கேட்பதுபோல் கேட்டார். நான் செய்வது சண்டை ரோபோ. பதின்மூன்று கிலோ எடை. பீரங்கி வண்டியைப் போல இருபுறமும் பட்டை ஓடும். முப்பத்தொரு வருடம் கன்வேயர் பெல்ட் தொழிற்சாலையில் வரைபடம் போட்டவள் நான். பட்டை எப்படி ஓடும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனியாக இருக்க முடியவில்லை என்பதும் தவறு. என் கணவர் போய் நான்கு வருடம். இருக்கிறேனே?

ஜூன் 9

தொடங்கியது எப்படி என்பதும் பதிவில் இருக்கட்டும். தொலைக்காட்சியில் ரோபோச் சண்டை. சக்கரம் வைத்த ஒன்று கவிழ்ந்து, மல்லாந்த கரப்பான்பூச்சிபோல் கிடந்து தோற்றது. பட்டை உடலைவிட உயரமாகச் சுற்றி வந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஓடுமே என்று அமைப்பாளர்களுக்கு எழுதினேன். ஒரே வரியில் பதில்: "அப்படியானால் செய்துகொண்டு வாருங்கள்." கேலியா, அழைப்பா? அழைப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஆகஸ்ட் 22 போட்டி.

ஜூன் 17

அளவு நாடாவின் மறுமுனையை அவர் பிடிப்பார். இப்போது சுவரில் ஓர் ஆணி. ஆணி அசையாமல் பிடிக்கிறது. "விட்டுடவா?" என்று கேட்பதில்லை.

ஜூலை 2

ஓடியது! கூடத்தின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை, கோடு போட்டதுபோல். சொல்ல யாரும் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 3

திரும்ப மாட்டேன் என்கிறது.

ஜூலை 8

திருப்பினால் மோட்டார் முனகுகிறது, இடப்பக்கப் பட்டை கழன்றுவிடுகிறது. பட்டையை இறுக்கினேன். சூடேறியது. இன்னும் இறுக்கினேன். புகை வந்தது. ஒரு மோட்டார் போயிற்று — நானே எரித்தேன், வேறு யார்?

ஜூலை 11

எனக்குச் சக்கரங்கள் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர் வந்தார். தரையில் படுத்து அடியில் பார்த்தார்.

"அஞ்சு சக்கரமும் நூல் பிடிச்ச மாதிரி ஒரே மட்டத்துல நிக்குது."

"நான் வரைஞ்சா அப்படித்தான் நிக்கும்."

"அதாம்மா தப்பு. பட்டை முழுசும் தரையில படுத்துக்கிட்டா வண்டி எப்படித் திரும்பும்? நடுச்சக்கரத்தைக் கொஞ்சம் கீழ இறக்குங்க. ரெண்டு முனையும் லேசா தூக்கிக்கட்டும்."

கன்வேயர் பெல்ட் திரும்ப வேண்டியதே இல்லை. போட்ட இடத்திலேயே கிடந்து ஓடினால் போதும். இது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

ஜூலை 14

புது மோட்டார். நடுச்சக்கரம் இரண்டு மில்லிமீட்டர் கீழே. மனமில்லாமல்தான் இறக்கினேன். நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றுகிறது.

ஜூலை 15

விதிமுறைத் தாள், இரண்டாம் பக்கம். அணிக்கு இருவர். ஒருவர் ஓட்ட வேண்டும். மற்றவர் களத்துக்குள் போய்க் குனிந்து ரோபோவில் பாதுகாப்புச் சாவியைச் சொருக வேண்டும். சண்டை முடிந்ததும் பிடுங்க வேண்டும். இருவரின் கையெழுத்தோடு படிவம் ஜூலை 31-க்குள் சேர வேண்டும். முதல் நாளே படித்ததுதான். பார்த்துக்கொள்ளலாம் என்று தாண்டிவிட்டேன். என் முழங்கால் குனிய விடாது.

பட்டறைக்காரரைக் கேட்டேன். "ஐயையோ, என் பேரு இன்னொரு அணியோட தாள்ல ஏறிடுச்சேம்மா! உங்களுக்கு எதிரா நான்தான் சாவி சொருகப் போறேன். உங்க மகளைக் கூப்பிடுங்களேன்" என்றார்.

ஜூலை 16

போன வருடம் மகள் வந்து ஒரு வாரம் இருந்தபோது சமையலறையில் பலகை ஒன்று மாட்டினாள். அரை அங்குலச் சாய்வு. அவள் கிளம்பிய மறுநாளே கழற்றி நேராக மாட்டினேன். அடுத்த முறை வந்தவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் மாட்டினதுன்னு ஏதாவது ஒண்ணு இந்த வீட்ல இருக்கட்டுமேன்னு நெனச்சேன்மா."

அதன்பின் அவள் இங்கே இரவு தங்கியதில்லை. ஞாயிறுதோறும் போன் மட்டும்.

நான் படித்த கான்வென்ட் பள்ளியில் கோணல் கோடு போட்டால் பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். அங்கே அது சரி. பெத்த பொண்ணுகிட்டயுமா?

ஜூலை 19

போன் வந்தது. போட்டிக்கு வருகிறாயா என்று மகளைக் கேட்கவில்லை. மாத்திரை போட்டாயிற்று என்றேன்.

ஜூலை 20

இன்று தபாலில் சேர்த்ததன் நகல்:

மகளுக்கு,

ஆகஸ்ட் 22 அன்று போட்டி. அணிக்கு இன்னொரு ஆள் வேண்டும். குனிந்து ஒரு சாவியைச் சொருகிப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான். கோணலாகச் சொருகினாலும் வேலை செய்கிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன்.

உறவுக்காரர்களிடம் நீ சொன்னதில் பொம்மை என்பது மட்டும்தான் தவறு.

படிவம் இதனுடன் இருக்கிறது. வருவதானால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வர முடியாதென்றால் அதையும் எழுது. போனில் சொல்ல வேண்டாம், என் குரலை நம்ப முடியாது. இந்த மாதம் இருபத்தேழாம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

அம்மா