மச்சான் அடைத்துத் தந்த சைலென்சர்

மச்சான்,

நேற்றுக் காலை நோரிஸ் ரோட்டில் ஒரு பழைய கடைவீட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டியிருந்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தில் ரப்பர் முகமூடி. வாசலில் நான்கு மொழிகளில் பலகை வைத்திருந்தார்கள். தமிழில் 'கல்நார் அகற்றும் பணி, அருகில் வராதீர்' என்று இருந்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். காவலுக்கு இருந்தவர், "அங்கிள், அந்தப் பக்கமா போங்க லா, இந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதில்ல" என்றார். போனேன். வீட்டுக்கு வந்த பிறகு சோறு இறங்கவில்லை.

நாம் அதைக் கல்நார் என்றோ ஆஸ்பெஸ்டாஸ் என்றோ ஒருநாளும் சொன்னதில்லை. பஞ்சு என்றுதான் சொன்னோம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் ஓட்டிய அந்த டீசல் டாக்சி உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு முன்னால் இரண்டு பேர் அடித்து ஓட்டிய வண்டி. சமதளத்தில் எப்படியோ போய்விடும். மேடு வந்தால் முக்கும், கறுப்பாகப் புகை கக்கும், பின்னால் வருகிறவன் திட்டுவான். அந்த வண்டிக்குத்தான் நிலையான சவாரி ஒன்று கிடைத்தது. தெலுக் பிளாங்கா மேட்டின் உச்சியில் ஒரு சீனப் பாட்டியம்மா. வாரத்தில் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புற்றுநோய்க்கான மின்கதிர் வைத்தியத்துக்குப் போய்வர வேண்டும். போகும்போது ஒருவாறு உட்கார்ந்து வருவார். திரும்பும்போது உடம்பு துவண்டு, மருமகளின் மடியில் தலை சாய்த்துப் படுத்திருப்பார். வண்டி மேட்டில் திணறி அலறும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு "பீசிங், பீசிங்" என்பார். இரைச்சல் தாங்கவில்லை என்று மலாயில் சொல்வது அது. அந்த மருமகள் நல்லவர். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வண்டி பார்க்கலாமென்று இருக்கிறோம் என்றார்.

அப்போது நாம் பேசிக்கொள்வதில்லை. 'டாக்சி ஓட்டுகிறவனுக்கா என் தங்கை?' என்று நீங்கள் கேட்டதும், நான் ஏதோ சொன்னதும், கல்யாணத்துக்கு நீங்கள் வராததும் நடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உங்களிடம் போனது கமலாதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் எங்கள் ரோவல் ரோட்டு வீட்டின் பின்சந்துக்கு நேராக வந்தீர்கள். என்னைப் பார்க்காமல் வண்டியைத்தான் பார்த்தீர்கள். எஞ்சினை ஓடவிடும்படி கையசைத்து, புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள்.

"மூக்க அடச்சிக்கிட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும், மாப்ள?" என்றீர்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

பழைய சைலென்சரை அறுத்துப் பிளந்து காட்டினீர்கள். உள்ளே தடுப்புத் தடுப்பாக இருந்த தகடுகளில் கரி அப்பி, ஒரு விரல் நுழையக்கூட இடமில்லை. நீங்கள் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். அங்கே கழித்துப்போட்ட குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, உள்ளே தடுப்பில்லாமல், பழையதைவிட அகலமாக, வளைவுகளைச் சிரமப்பட்டு மெதுவாக வளைத்துப் பொருத்தினீர்கள். வண்டி மேட்டில் சிட்டாகப் பறந்தது. ஆனால் பின்சந்தில் வந்து நின்றால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் விழித்து அழுதன. பாட்டியம்மாவுக்கு முன்னைவிட மோசம்.

அடுத்த ஞாயிறு ஒரு சாக்கில் அந்தப் பஞ்சைக் கொண்டுவந்தீர்கள். கப்பலின் நீராவிக் குழாய்களுக்குச் சுற்றுவது, நெருப்பில் போட்டாலும் கருகாது என்றீர்கள். நீளமான ஓர் உருளை செய்து, அதன் நடுவே உடம்பெல்லாம் துளை போட்ட குழாயை நேராக ஓடவிட்டு, இரண்டுக்கும் நடுவில் பஞ்சைத் திணித்தீர்கள். புகைக்குத் தடை கிடையாது, நேராகப் போய்விடும். சத்தம் மட்டும் துளை வழியாகப் பஞ்சில் இறங்கி அடங்கிவிடும் என்று விளக்கினீர்கள். கையால் பிய்த்துப் பிய்த்து, கம்பியால் இடித்து இடித்து அடைத்தீர்கள். தூசி படிந்து புருவமும் மீசையும் வெளுத்துப்போயின. கமலா காப்பி கொண்டுவந்து, "அண்ணே, அதுக்குள்ள கிழவனாயிட்டீங்களே" என்று சிரித்தாள். வண்டிக்கடியில் இரும்புக் கொக்கிகளுக்குப் பதிலாக டயரை அறுத்து எடுத்த ரப்பர்ப் பட்டைகளில் அந்த உருளையைத் தொங்கவிட்டீர்கள், அதிர்வு உள்ளே வராமலிருக்க.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பாட்டியம்மா தூங்கிவிட்டார். மேட்டில் ஏறும்போதும் விழிக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் மருமகள் அவரை எழுப்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்று எனக்குச் சைகை காட்டினார். அன்று சாயங்காலம் நான் உங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, நீங்கள் வேறு பக்கம் திரும்பி, "சரி, சாப்பிட்டுப் போங்க" என்றீர்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பாட்டியம்மா அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார். கடைசிவரை என் வண்டியில்தான் போய்வந்தார், ஒருநாளும் காதைப் பொத்தவில்லை. விடாதவன் நான்தான். மூன்றாவது கியரில் ஒரு வேகத்தில் மெலிதாக ஒரு ரீங்காரம் கேட்டது. சவாரிக்கு வந்தவர் யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை. டீசல் வண்டியா இது என்று மற்ற ஓட்டுநர்கள் வாயைப் பிளக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. "இன்னும் கொஞ்சம் இறுக்கி அடைச்சா அதுவும் போயிடும் இல்ல, மச்சான்?" என்று கேட்டேன். நீங்கள் உருளையைப் பிரித்து, கரியேறிய பழைய பஞ்சை உதறிக் கொட்டி, மறுபடி அடைத்தீர்கள். முதல்முறையைவிட அன்றுதான் தூசி அதிகம். மூக்கில் கட்டக் கைக்குட்டைகூட இல்லாமல் இருமிக்கொண்டே செய்தீர்கள். அதற்கப்புறம், உங்களைக் கேட்காமலே, டாக்சி நிறுத்தத்தில் நான்கு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். என் மச்சான் செய்து தருவார் என்று பெருமையாகச் சொன்னேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் என் வீட்டுப் பின்சந்தில் குந்தி உட்கார்ந்து அடைத்தீர்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படியில், பிறகு சமதளத்தில், பிறகு படுத்திருக்கும்போதே. நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். "கப்பல் பட்டறை, முப்பது வருஷம்" என்றீர்கள். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். சைலென்சர்களைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த நானும் சொல்லவில்லை. முப்பது வருஷப் பட்டறை வேலையோடு ஒப்பிட்டால் சில ஞாயிற்றுக்கிழமைகள் எம்மாத்திரம் என்று அன்று முதல் எனக்கு நானே சொல்லி வருகிறேன். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, மச்சான். பட்டறையில் உங்கள் வேலை வெல்டிங். பஞ்சைப் பிய்த்து இடித்தது என் வீட்டுப் பின்சந்தில்.

நேற்றிரவு சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கமலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாம் முறை அடைக்கச் சொன்னது தேவைக்கு அல்ல, என் ஜம்பத்துக்கு என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே தட்டை எடுத்துப்போய், சோற்றைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு" என்றாள்.

"என்ன சொன்னாரு?"

"டாக்டர் கேட்ட அன்னிக்கே. 'மாப்ள மொகத்தப் பாத்தேன், அந்தப் பஞ்ச நெனச்சிக்கிட்டாரு. அவரா பேசுற வரைக்கும் நீ எதுவும் கேட்டுடாத, மனசு ஒடஞ்சிடுவாரு'ன்னு சொன்னாரு. அதான் நான் கேக்கல."

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும், இத்தனை வருஷமாக அவள் கேட்கவில்லை. நான் அவளிடம் மறைத்து அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. உங்களுக்கு என்ன செய்தேன் என்பதைத்தான் இதுவரை சுமந்தேன். மூச்சுக்குத் தவித்துக்கொண்டு படுத்திருந்த நாளிலும் நீங்கள் என் முகத்தைப் பார்த்து எனக்காகக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். இனி நான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியது அந்தக் கவலையைத்தான்.