நீங்கள் பார்க்காமல் விட்ட வண்டி

என்னங்க,

நான்தான். பத்து வருஷமாக உங்களோடு பேசவில்லை. போட்டோவுக்கு விளக்கு ஏற்றினேன், அமாவாசைக்குச் சோறு படைத்தேன், பேச்சு மட்டும் இல்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். இப்போது அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. ஆகுர்டியில் அதே ஒற்றை அறைதான், மேலே தகரம் மட்டும் மாற்றியிருக்கிறது. உங்கள் பெண் சுதா பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். உங்கள் உயரம், உங்கள் மூக்கு. மராத்தி தண்ணீர் பட்ட பாடு. தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்தக் கடிதத்தைக்கூட நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நான் போசரியில் ரப்பர் ரிங் செய்கிற ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். நீங்கள் போன மூன்றாவது மாதமே சேர்ந்துவிட்டேன். ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு ரிங்காக விரலில் சுற்றிப் பார்க்க வேண்டும். கீறல் இருக்கிறதா, குமிழி இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா. இருந்தால் சிவப்பு டப்பா. நான் சமைக்கும்போது ‘எங்க கல்லு இருக்குதுன்னு தேடற கண்ணு’ என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்தக் கண்ணை வைத்துத்தான் சோறு தின்றோம்.

உங்களுக்கு வேறு கண்ணு. சாப்பிட உட்கார்ந்தால் முதல் கேள்வி, “இன்னிக்கி இன்னா பாத்த?” ஆளுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், சொன்னால்தான் அடுத்த கரண்டி சோறு. சுதா நாய்க்குட்டி என்பாள், எறும்பு என்பாள், ஸ்கூல் பக்கத்தில் மாடு போட்ட சாணி என்பாள், எல்லாவற்றுக்கும் நீங்கள் வாயைப் பிளப்பீர்கள். நான் “உங்க மூஞ்சியத்தான் பாத்தேன், வேற இன்னா இருக்குது இந்த ஊர்ல” என்பேன். அதற்கும் சிரிப்பீர்கள்.

உங்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் கிடைக்குமோ. லேத்தில் இரும்பைச் சீவும்போது சூட்டில் நீலமாக மாறிச் சுருண்டு விழுந்த சீவலை டிபன் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு வந்தீர்கள், மயில் கழுத்து கலரைப் பார் என்று. சுதாவின் விரலைக் கிழித்ததும் நான் அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன். சப்பாத்தி உப்பினால் அடுப்புப் பக்கத்தில் வந்து குந்திக்கொள்வீர்கள், உள்ளே யார் ஊதினது என்று கேட்பீர்கள். வேலை நடக்கிற இடத்தில் இப்படி நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

கடைசிச் சண்டை நினைவிருக்கிறதா? சுதாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வாருங்கள், டாக்டரிடம் போக வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன். நீங்கள் வந்தது இரண்டு மணி நேரம் கழித்து. சிஞ்ச்வட்டில் பள்ளம் தோண்டுகிற மஞ்சள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டீர்களாம், அது மண்ணை அள்ளுவது யானை தும்பிக்கையால் அள்ளுவது போலவே இருந்ததாம். அதற்குள் டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். குழந்தை உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

மறுநாள் காலையில் நீங்கள் சைக்கிளை எடுக்கும்போது உங்கள் கையைப் பிடித்து, தூங்கிக்கொண்டிருந்த அவள் தலையில் வைத்தேன். இனிமேல் ரோட்டில் நின்று வேடிக்கை பார்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். நீங்கள் சிரித்துக்கொண்டேதான் செய்தீர்கள். “டீ ஒண்ணு குடிச்சிட்டு நேரா வந்துடறேன். டீக்காவது உத்தரவு உண்டா?” என்று கேட்டீர்கள். நீங்கள் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி அது.

சாயங்காலம் உங்கள் பக்கத்து மிஷின்காரர் வந்து நின்றார். ஹைவேயில் பெரிய வண்டி ஏதோ போயிருக்கிறது, எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது என்றார். அவர் கண்ணால் பார்த்தவர் இல்லை. மிச்சத்தை நானே போட்டு நிரப்பிக்கொண்டேன். நடுரோட்டில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற உங்களை அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவள் மாதிரி. போலீஸ் நீட்டின மராத்திக் காகிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டேன். காலையில் குழந்தை தலையில் கை வைத்தவர் சாயங்காலமே மீறினார் என்றுதான் பத்து வருஷமும் மனசுக்குள் உங்களைத் திட்டினேன்.

நான் திட்டியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நீங்கள் போன அடுத்த மழைக்காலம், ஸ்கூலிலிருந்து கூட்டி வரும்போது சுதா என் கையை உதறிவிட்டுக் குந்திக்கொண்டாள். குட்டையில் வண்டி எண்ணெய் ஏழு கலரில் மிதந்தது. அம்மா பாரு, பாரு என்றாள். நான் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். “உங்கப்பா இப்படிப் பாத்துக்கினு நின்னுதான் செத்தாரு. நீயும் சாவணுமா?” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கேயும் நின்றதில்லை. குனிந்த தலை நிமிராமல் நடக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் புகழ்கிறார்கள். கணபதி ஊர்வலம் தெருவே அதிரப் போகும்போது இவள் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் படிப்பாள். நான் பெருமைப்பட்டேன். என் வேலை சுத்தமாக முடிந்தது என்று நினைத்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்களை லாரி அடித்த அந்த ஹைவே பக்கமே போகக் கூடாது என்று இத்தனை வருஷம் வேறு வழியாகச் சுற்றித்தான் வேலைக்குப் போய் வந்தேன். போன வாரம் எங்கள் ஷேர் ஆட்டோக்காரன் பெட்ரோல் போட வேண்டுமென்று ஹைவேக்குத் திருப்பினான். வண்டி மக்கர் செய்து நின்றது, சரியாக நீங்கள் டீ குடிக்கிற அந்தத் தப்ரி, அந்த ரோட்டோர டீக்கடை வாசலில். என்னோடு வேலை செய்கிற தமிழ்ப் பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தேன். டீ ஊற்றுகிற பெரியவர் காதில் அது விழுந்துவிட்டது. மதராசியா என்றார், எங்கள் மதராசி ஒருவன் தினமும் இங்கே வருவான் என்றார். அவரைக் காகா என்று சித்தப்பா முறை வைத்துக் கூப்பிட்டு, டீயில் எழும்புகிற ஆவியைக் காட்டி, இது எங்கே போகிறது என்று கேட்பானாம். வேறு யாராக இருக்கும்?

நான் யாரென்று சொல்லவில்லை. அவன் இப்போது வருவதில்லையா என்று மட்டும் இந்தியில் கேட்டேன். அவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

அன்றைக்கு ரொம்ப நீளமான ட்ரெய்லர் ஒன்று வந்ததாம். மேலே ஒரு வீட்டு அளவுக்கு இரும்பு உருளை, கீழே எண்ண முடியாத சக்கரங்கள், நத்தை வேகத்தில் வந்ததாம். கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, அதை முழுசாகப் பார்க்க ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடினார்கள், அவரும் அடுப்பை விட்டுவிட்டு ஓடினார். “அவன் மட்டும் வரலை. இப்படி ரோட்டுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தான். வாடான்னு கூப்பிட்டேன். பொண்ணு தலையில சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன் காகா, டீ மட்டும்தான்னு சொன்னான்.” ட்ரெய்லரை முந்தப் பார்த்த லாரி இடது பக்கம் இறங்கி நேராகப் பெஞ்சு மேல் வந்ததாம். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் ஒருத்தருக்கும் கீறல்கூட இல்லையாம்.

என் கையில் டீ இருந்தது. அதை எப்போது கீழே வைத்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் சைக்கிளை மூன்றாம் நாள் கொண்டுவந்து விட்டார்களே, அதில் ஒரு நெளிசல் இல்லை. பூட்டியிருந்தது, சாவி உங்கள் சட்டைப் பையில் இருந்தது. நடுரோட்டில் நின்று பார்க்கிறவன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுப் பூட்டிவிட்டா நிற்பான்? நாளெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது மட்டும் படவில்லை.

நான் வாங்கின சத்தியம்தான் உங்களை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தது. நீங்கள் மீறியிருந்தால் இருந்திருப்பீர்கள். வீட்டுக்கு வந்து அந்த உருளையைக் கையை விரித்துக் காட்டியிருப்பீர்கள், நான் தலையில் அடித்துக்கொண்டிருப்பேன். லாரி ஓட்டினவன் தப்பு அது, உன் தப்பு இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி நீங்கள் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறீர்களே, நான் என்ன செய்ய?

ஒரு வாரம் சொல்லாமலே இருந்தேன். நேற்றுச் சாயங்காலம் சாப்பிடும்போது சுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சத்தியத்தையும் சேர்த்து. அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். “பத்து வருஷமா அப்பா மேல கோவமா இருந்தேம்மா,” என்றாள். “எங்கள விட அந்த வண்டிதான் பெருசாப் போச்சான்னு.” கை கழுவப் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

“அந்த வண்டிக்கு எத்தனை சக்கரம்?”

எனக்குத் தெரியவில்லை. பெரியவரிடம் கேட்கவும் தோன்றவில்லை. நீங்களாக இருந்தால் அதைத்தானே முதலில் கேட்டிருப்பீர்கள்?

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதமாட்டேன். இன்று காலை ஒரு வார்த்தை பேசாமல் காலேஜுக்குப் போனாள். ஆனால் அப்படிப்பட்ட வண்டிகள் இன்னும் அந்த வழியாகத்தான் போகின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போகிறேன். அவள் வந்தால் அவளோடு, வராவிட்டால் தனியாக. ரோட்டைத் தாண்டி, உங்களைக் கூப்பிட்ட அந்தப் பக்கத்தில் நிற்பேன். அன்றைக்கு வண்டி வராவிட்டால் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு. நான் வாங்கின சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வந்தால் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒன்று விடாமல் எண்ணுவேன். எண்ணிவிட்டு வந்து, சோறு போடுவதற்கு முன்னால் உங்கள் இரண்டு பேருக்கும் சொல்கிறேன்.

உங்கள் கையைப் பிடித்து நிறுத்தின மனைவி,
சுதாவின் அம்மா