லைனை ஒப்படைக்கும் நாள்

மேற்கு மாம்பலம்,
சென்னை-33.
11.11.2024

அன்புள்ள கைசர் அக்காவுக்கு,

புஷ்பம் எழுதுகிறேன். உங்கள் சர்க்கரையும் பாயின் முழங்கால் வலியும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதீர்கள். இந்த வீட்டில் இரண்டே அறை. எந்த மூலையில் நின்று பேசினாலும் என் மகள் காதில் விழும். தாரணிக்குத் தெரியாமல் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் நீங்கள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அகலப் பாதை போட்டு வண்டி ஓட ஆரம்பித்தும், செவக்காடு ஜங்ஷனில் ஒரு வண்டிகூட நிற்பதில்லை என்றீர்கள். நம் ஊரில் கடிகாரம் பார்த்தவர்கள் ஸ்டேஷன் மாஸ்டரும் பள்ளிக்கூடத்து வாத்தியாரும்தான். மற்றவர்களுக்கு ஏழரை பாசஞ்சர் வந்தால் பிள்ளைகள் கிளம்ப வேண்டும், கூட்ஸ் போனால் உலை வைக்க வேண்டும். டாக்டரே புதன்கிழமை ரயிலில்தான் வருவார். வண்டி லேட் என்றால் காய்ச்சலும் ரயிலடியில் உட்கார்ந்து காத்திருக்கும். இன்ஜின் ஷெட்டை மூடினார்கள், பிறகு பழைய பாதையைப் பெயர்த்தார்கள், டீக்கடைகள் பைபாஸ் ரோட்டுக்குப் போய்விட்டன. இப்போது ரயில் வந்தும் ஊருக்கு வரவில்லை.

இதைக் கேட்டு அன்று நான் சாப்பிடவில்லை. ஊர்ப்பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குவார்ட்டர்ஸில் ஒழுகிய ஒழுகலுக்கு எனக்கு அவ்வளவு பாசம் கிடையாது. வீட்டுக்காரரை அங்கே கூட்டி வந்துவிடலாம், ரயில் ஓடாத பாதையில் அவர் பாட்டுக்கு நடக்கட்டும் என்று மனதுக்குள் ஒரு யோசனை வைத்திருந்தேன். எக்ஸ்பிரஸ் நிற்காமல் பறக்கிறது என்று நீங்கள் சொன்னதும் அந்தக் கதவு அடைபட்டுப் போனது.

அவருக்கு மறதி முற்றிவிட்டது அக்கா. அடையாறில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார், பக்குவமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். காலை நாலரை மணிக்கு எழுந்துவிடுகிறார். குளித்துவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கதவருகே நிற்கிறார். கீமேன் என்றால் சாவி வைத்திருப்பவரா என்று பக்கத்து வீட்டு விசாலாக்ஷி அம்மாள் கேட்டார். தண்டவாளத்தோடு தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்து, கழன்ற ஆணியை அடித்து, தளர்ந்த போல்ட்டை முடுக்கி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பார்ப்பவர் என்று விளக்கினேன். தினமுமா என்று கேட்டார். முப்பத்து நாலு வருஷம் தினமும் என்றேன்.

வீடு ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பதுதான் வினை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு லோக்கல் வண்டி. இத்தனை வண்டி விட்டால் கீமேன் எப்போது லைனைப் பார்ப்பான் என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் கோபப்படுகிறார். மொட்டை மாடியில் நடக்கட்டுமே என்று தாரணி கூட்டிப்போனாள். தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது நம்முடைய பகுதி இல்லை என்று இறங்கி வந்துவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போனவள் கதவைப் பூட்ட மறந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான். திரும்பி வரும்போது ஸ்டேஷன் படிக்கட்டில் பூ விற்கிற பெண் ஓடி வந்தாள். "யம்மா, உங்கூட்டுப் பெரியவரு டிராக்குல நின்னுகினு கீறாரு" என்றாள். பால் பை கையில் இருந்ததா, கீழே விழுந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது.

மருமகனுடைய சிவப்புத் துண்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். லோக்கல் வண்டி நின்றுவிட்டது. அவருக்கும் வண்டிக்கும், குவார்ட்டர்ஸில் எங்கள் வாசலிலிருந்து உங்கள் வாசல் வரைக்கும் இருந்த இடைவெளிகூட இல்லை. பெட்டி பெட்டியாகத் தலைகள் எட்டிப் பார்த்துத் திட்டின. அவர் எதையும் காதில் வாங்கவில்லை. இறங்கி வந்த டிரைவரிடம் நிதானமாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு தண்டவாளம் சேருகிற இடத்தில் போடுகிற பிஷ்பிளேட்டு பட்டைகள் ஒன்றுகூட இல்லை, எவனோ அத்தனையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான், வண்டியை விட முடியாது என்கிறார். இந்தக் காலத்தில் தண்டவாளத்தை நீளமாகப் பற்ற வைத்துவிடுகிறார்கள், பட்டையே தேவையில்லை என்பது நம் பாய்க்குத் தெரியும், ஏன், அவருக்கே தெரியும். அவர் தலைக்குள் இப்போது பழைய மீட்டர் கேஜ் பாதை மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

அந்த டிரைவர் நல்ல பிள்ளை. கத்திக்கொண்டே வந்தவர், துண்டைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, ஐயா கீமேனா என்று கேட்டாராம். ரயில்வே போலீஸ்காரர்களும் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் தாரணியிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். இன்னொரு முறை நடந்தால் கேஸ் என்றார்கள். இன்னொரு முறை நடந்தால் கேஸ் போட ஆள் இருக்க மாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது வெளிக்கதவில் இரண்டு பூட்டு. தாரணி வடபழனியில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பூட்டுப் போட்டுவிட்டு அவளே சமையலறையில் அழுகிறாள். மாப்பிள்ளை முருகன் பத்து மணி நேரம் ஜவுளிக்கடையில் நின்றுவிட்டு வந்து மாமனார் காலைப் பிடித்துவிடுகிற மனுஷன். ஒருநாள் வெளியில் போய் நின்று, மேஸ்திரி மாதிரி போனில் பேசி, உங்கள் டூட்டி முடிந்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தார். எந்த கேங்கு மேஸ்திரி என்று கேட்டு இவர் மடக்கிவிட்டார். போனை வைத்துவிட்டு என்னிடம், "ஆள் நேர்ல வராம, சாமானை எண்ணி வாங்காம எப்படிம்மா சார்ஜ் கொடுக்கிறது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது அக்கா. அவர் ரிட்டயர்டான அன்று பாய் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார், ஞாபகம் இருக்கிறதா? ரயிலடியில் மாலை போட்டார்கள், மிக்சர் கொடுத்தார்கள். ஆனால் சுத்தியல், ஸ்பேனர், இரண்டு கொடி எல்லாவற்றையும் கையில் எண்ணி வாங்கிக்கொண்டு, லைனை நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டிய மேஸ்திரி நம் பாய்தான், அவர் அங்கே இல்லை. புதிதாக வந்தவர் அந்த மூலையில் போட்டுவிட்டுப் போங்கள் என்றாராம். சுத்தியலை மட்டும் போட மனம் வராமல் வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டார். யாரிடமும் ஒப்படைக்கவில்லையே என்று ராத்திரி முழுக்கப் புலம்பினார். அது என்ன தங்கமா, வைரமா, பேசாமல் படுங்கள் என்று நான் கேலி செய்தேன். அன்று எழுந்து உட்கார்ந்து இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். பதினோரு வருஷமாக இந்த மனுஷன் டூட்டியிலிருந்து இறங்கவே இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். பாய் ஒரு தடவை இங்கே வர வேண்டும். முழங்கால் வலியோடு பஸ் ஏறி, மதுரை போய் ரயில் பிடித்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தே கேட்கிறேன். மாம்பலத்திலேயே இறங்கலாம், முருகன் வந்து கைப்பிடித்துக் கூட்டி வருவார். கண் பார்வையில் அவருக்கு எல்லாரும் ஒன்றுதான், ஆனால் அன்வர் பாஷா மேஸ்திரி குரல் தெரியும். தூக்கத்தில் அந்தப் பெயரைச் சொல்கிறார். இன்னும் இங்கேயே இருக்கிற அந்தச் சுத்தியலைப் பாய் நேரில் நின்று கையில் வாங்கிக்கொண்டால் போதும்.

இதைத் தாரணியிடம் நான் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொன்னால் இன்றைக்கே பாய்க்குப் போன் போட்டுவிடுவாள். எனக்குத்தான் ஒரு வாரமாகத் துணிச்சல் வரவில்லை. என் பெயர் அவரிடம் இல்லை அக்கா. போன ஆடியிலிருந்து நான் வெறும் அம்மா, சோறு போடுகிற யாரோ ஒரு அம்மா. ஆனால் காலையில் சாப்பாட்டுத் தூக்கை நீட்டும்போது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்து, வரட்டுமா என்று கேட்கிறார். கல்யாணமான மறுவாரம் கேட்ட அதே கேள்வி, அதே பார்வை. கதவு பூட்டியிருப்பதால் எங்கும் போவதில்லை, ஆனாலும் கேட்கிறார். டூட்டி முடிந்துவிட்டால் தூக்கும் கிடையாது, அந்தக் கேள்வியும் கிடையாது. அதற்குப் பிறகு அவருக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் அவர் தண்டவாளத்தில் சாகக் கூடாது, பூட்டுக்குப் பின்னாலும் சாகக் கூடாது. வரச் சொல்லுங்கள்.

நீங்களும் கூட வந்தால் நாலு நாள் நான் மனுஷியாக இருப்பேன். உங்கள் தொழுகையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாயிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். லைனை வாங்கிக்கொண்டேன், இனி வீட்டுக்குப் போ வெள்ளைச்சாமி என்று சொல்லும்போது, வீட்டில் புஷ்பம் காத்திருக்கிறாள் என்று என் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். மேஸ்திரி சொன்னால் அவர் மறக்க மாட்டார்.

உங்கள் தங்கை,
புஷ்பம்