தனி டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று பரிசோதனைக் கூடத்தில் ஒரு வேடிக்கை. அப்பாவுக்கு வந்திருக்கும் அதே அபூர்வ ரத்தப் புற்றுநோய் உள்ள ஒருவரின் ரத்த மாதிரி வந்தது. லேபிள் ஒட்ட நான் கையுறை மேல் கையுறை மாட்டுவதைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார்.

“இது வைரஸால வர்றதுன்னு படிச்சேன் மேடம்.”

“வைரஸுக்கும் பங்கு இருக்கலாம்னு ஒரு சந்தேகம், இன்னும் உறுதியாகல. எப்படியிருந்தாலும் டம்ளர், தட்டுல புற்றுநோய் தொத்தாதுப்பா. எதிர்ப்புச் சக்தி இல்லாதது அவங்களுக்குத்தான். நம்ம சளிதான் அவங்ககிட்ட போகக்கூடாது.”

எனக்குத் தலை நிமிரவில்லை. அரைகுறையாகப் படித்துவிட்டு, அப்பாவுக்குத் தனி டம்ளர் வைக்கச் சொன்னவன் நான். விடுப்பில் வந்தபோது அவர் உரித்து நீட்டிய பாதி ஆரஞ்சை, வயிறு நிறைந்திருக்கிறதென்று மறுத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார். அன்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது நான்தான்.

அந்த டம்ளரை எடுத்துவிடு. ஏன் எடுத்தாய் என்று அப்பா கேட்டால் என் பெயரைச் சொல். போனில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இங்கே குளிர் அதிகம். அப்பா போட்ட சட்டை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன் மகன்